நாளை அவளுக்குப் பதிமூன்று

என் மகளுக்கு நாளை பதிமூன்று வயது நிறைகிறது. அதைத் தடுக்க முடியுமா என்று கேட்பதற்காகத்தான் துறையூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துத் திருச்சியில் இந்தச் சேவை மையத்துக்கு வந்திருக்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அம்மா, தவறில்லை. என் தலையைப் பார்த்தால் பதிமூன்று வயதுப் பெண்ணின் தாய் போலவா இருக்கிறது? எனக்கு அறுபத்தாறு. நாளை விடிந்தால் அவளுக்கு உண்மையில் முப்பத்தொன்று. ஆனால் இதோ என் மடியில் இருக்கும் இந்த டேப்லெட்டைப் பொறுத்தவரை அவளுக்குப் பதிமூன்று. இது சொல்வதுதான் இப்போது சட்டம்.

உங்கள் டோக்கன் எத்தனை? ஐம்பத்திரண்டா? எனக்கு நாற்பத்தேழு. இப்போதுதான் முப்பத்தாறு ஓடுகிறது. உங்களுக்கு என்ன, கைபேசி மாடிப்படியில் விழுந்ததா? அது எளிது. கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். என்னுடைய பழுது அப்படிப்பட்டதன்று. நேரம் இருக்கிறது, சொல்கிறேன். முறையாகவே சொல்கிறேன், முன்னுக்குப் பின் சொல்வது எனக்கே பிடிக்காது.

என் பெயர் மங்கையர்க்கரசி. அரசுப் பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கடைசி ஐந்தாண்டு தலைமையாசிரியை. என் கணவர் வைத்திலிங்கம் மின்வாரியத்தில் இருந்தார். பிள்ளைகள் இருவர். மூத்தவள் நப்பின்னை. இளையவன் செம்பியன், புனேயில் வேலை பார்க்கிறான். நப்பின்னை என்றதும் உங்கள் புருவம் ஏறியது, பார்த்தேன். பெயரில் 'பின்' இருக்கிறதென்று பள்ளியில் அவளை 'ஊக்கு' என்று கேலி செய்வார்களாம். அழுதுகொண்டு வருவாள். "கவிதா, சங்கீதான்னு ஊர்ல வேற பேரே இல்லையாம்மா?" என்பாள். அந்தப் பெயர்கள் வகுப்புக்கு நான்கு பேருக்கு இருக்கின்றன, உன் பெயர் மாவட்டத்திலேயே உனக்கு மட்டும்தான் என்பேன். பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. படுத்த படுக்கையில் பொழுது போகட்டும் என்று செம்பியன் ஒரே மாதிரி இரண்டு டேப்லெட் வாங்கி அனுப்பினான். அப்போதே அவை பழைய மாதிரிதான். கடையில் கழித்து விட்டவை. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அக்காவுக்கு. அப்பாவுடையதுதான் இது. இதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் வாங்கிய பாட்டையோ நூலையோ படத்தையோ, குடும்பத்தில் மற்றவர்கள் மறுபடி வாங்காமலே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் ஒரு குடும்பக் குழு அமைக்க வேண்டும். குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும்.

"அம்மா, அதுல கைய வைக்காத. பொங்கலுக்கு வரப்ப நான் பண்ணித்தரேன்" என்றான் செம்பியன். பொங்கல் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? உதவிப் பக்கங்கள் முப்பத்தொன்றையும் அச்செடுத்து, அடிக்கோடிட்டுப் படித்தேன். மூன்றே நாளில் நானே அமைத்தேன். தலைவர் நான். என் கணவர் பெயரைச் சேர்த்தேன், செம்பியனுக்கு அழைப்பு அனுப்பினேன், நப்பின்னையைச் சேர்த்தேன். நான்கு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றபோது என் கணவர் கோணிய வாயோடு சொன்னார்: "ரிட்டயர் ஆனாலும் உன்ன ஸ்கூல் விடல பாரு. வீட்டுலயும் அட்டென்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சுட்ட." நெடுநாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

நப்பின்னையின் கணக்கைத் தொடங்கும்போது பிறந்த நாள் கேட்டது. நாளையும் மாதத்தையும் சரியாகவே கொடுத்தேன். ஆண்டு வரும்போது நிறுத்தினேன். உதவிப் பக்கத்தில் படித்திருந்தேன் அல்லவா? பெரியவர்கள் என்றால் அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்வார்கள். பதிமூன்று வயதுக்குக் கீழ் என்றால், விலையில்லாத ஒரு சிறு பொருளை எடுப்பதற்கும் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். 'நப்பின்னை அனுமதி கோருகிறார்' என்று என் திரையில் வரும். கீழே இரண்டு கட்டம், அனுமதி, மறுப்பு. ஒரு குடும்பத்துக்கு அதுதானே ஒழுங்கு? அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. வங்கியில் வேலை. ஆறு வயது என்று போட்டேன்.

அன்று மாலையே வந்து நின்றாள். "அம்மா, இதுல எனக்கு ஆறு வயசுன்னு போட்டிருக்கு. நிலா நிலா ஓடி வாதான் காட்டுது!"

இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"ஸ்கூல்ல சேக்குறதுக்கு ஒரு வயசக் கூட்டுன. இதுல பதினெட்டக் கொறச்சுட்ட. எனக்கு எப்பதாம்மா என் வயசு?"

நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். பள்ளியில் ஒரு வயது கூட்டியது உண்மைதான். யார் கூட்டவில்லை? நான்கு வயதிலேயே அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓராண்டை வீணாக்க வேண்டுமா?

அந்தக் காலம் நன்றாகத்தான் போயிற்று. அவளுக்கு ஏதேனும் வேண்டுமென்றால் அறையிலிருந்தே அழுத்துவாள். எனக்கு இங்கே மணி அடிக்கும். "எதற்கு?" என்று அடுக்களையிலிருந்து கேட்பேன். "வரையறதுக்கும்மா!" என்று அங்கிருந்து குரல் வரும். தக்கதென்றால் அனுமதிப்பேன்.

அப்போதுதான் அமலதாஸ் வந்தான். என் கணவரின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு மூன்று நாள் வருவான். நல்ல பையன்தான், அதை நான் மறைக்கவில்லை. செருப்பை வரிசையாகக் கழற்றி வைப்பான். ஒரு நாள் நப்பின்னை என்னிடம், நின்றுகொண்டே, கேட்டாள்: "நானும் அமலும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ என்னம்மா சொல்ற?"

நான் கத்தவில்லை. சாதி என்றோ மதம் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவ்வளவுதான்.

யோசித்தேன். என் கணவர் படுக்கையிலிருந்து, "அவன் கை நல்ல கைடி அரசி. சரின்னு சொல்லித் தொலையேன்" என்பார். நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்பேன். மழைக்காலம் வந்தது, கோடை வந்தது, மறுபடி மழைக்காலம் வந்தது. நான் மறுக்கவேயில்லை. இன்றுவரை நான் மறுத்ததாக ஒரு சொல்லை எவராலும் காட்ட முடியாது. இடையில் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அவள் மறுபடி வந்து நின்றாள். "நான் கேட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. எனக்கு இருவத்தேழு."

அதற்குள் என்ன அவசரம் என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஓ, இல்லல்ல. எனக்கு ஒம்போதுதான். மறந்துட்டேன்."

மறு வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். பீரோவில் பாதிப் புடவைகளை விட்டுவிட்டுப் போனாள். அப்பா வாங்கிக் கொடுத்த தையல் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனாள். டேப்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கவனித்தீர்களா? டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

தொலைபேசியா? முதல் மாதத்தில் மூன்று முறை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று அப்போது நான் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. முடிவு செய்வதற்குள் அழைப்பு நின்றுபோயிற்று. நான் அழைக்கவில்லை. போனவள் அல்லவா அழைக்க வேண்டும்? செம்பியன் அவளோடு பேசுகிறான். என்னிடம் அவள் பேச்சை எடுத்தால் வைத்துவிடுவேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள், "அம்மா, அக்காவுக்கு..." என்று தொடங்கினான். அவளுக்கு என்னவாக இருந்தாலும் அவள் வாயால் சொல்லட்டும் என்று சொல்லித் துண்டித்தேன். தூது விட்டு உறவாடும் வழக்கம் என் வீட்டில் இல்லை.

ஆனால் நான்கு ஆண்டாக ஒவ்வொரு நாளும் காலையில் காப்பி குடித்தவுடன் இதைத் திறந்து பார்க்கிறேன். நான்கு பெயர். நான், என் கணவர், செம்பியன், நப்பின்னை. இறந்தவர் பெயரை எடுக்கவில்லை, எடுக்க மனம் வரவில்லை. அவள் பெயரும் அப்படியே நிற்கிறது. கோபித்துக்கொண்டு போனவள், தாய் முகத்தில் விழிக்காதவள், இந்தக் குழுவை விட்டுப் போகவில்லையே! நான்கு ஆண்டில் ஒரு நாள்கூட விலகவில்லையே! அதற்கு என்ன பொருள்? இங்கே அவள் இன்னும் என் மகள் என்பதுதானே பொருள்? அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நான் எழுந்து நடமாடுகிறேன்.

பத்து நாளைக்கு முன் இதில் ஓர் அறிவிப்பு வந்தது. மனப்பாடமாகவே சொல்கிறேன். 'உங்கள் பிள்ளை நப்பின்னை நவம்பர் 19 அன்று பதிமூன்று வயதை அடைகிறார். அன்று முதல் அவர் விரும்பினால் குடும்பக் குழுவிலிருந்து தாமாகவே விலகலாம்.'

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் விலக நினைக்காதவளை, 'விலகலாம், விலகலாம்' என்று இந்த நிறுவனமே தூண்டிவிடுகிறதே! மனித மனம் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இருக்குமா? ஏதோ ஓர் எரிச்சலில் ஒரு விரல் பட்டால் போதும். நான்கு மூன்றாகிவிடும். பிறகு அவளுக்கும் எனக்கும் இடையில் என்ன இருக்கிறது? சொல்லுங்கள், என்ன இருக்கிறது?

வயதை மறுபடி குறைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. ஆறு வேண்டாம், பத்து போதும். பத்து என்று போட்டால் மூன்றாண்டு கிடைக்கும். மூன்றாண்டுக்குள் பேசமாட்டாளா? துறையூர்க் கடையில் காட்டினேன். "மேடம், இது ரொம்பப் பழசு. இதுக்கு மேல அப்டேட் ஆவாது. வயச மாத்துற எடமே இதுல வராது. திருச்சியில கேளுங்க" என்றார்கள். அதனால்தான் வந்தேன். பொறுத்துப் பொறுத்து, கடைசி நாள் வந்திருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்? அவள் ஏதாவது வாங்குவாளா என்றா? கேட்பாள்! அதைத்தானே சொல்ல வருகிறேன். முதல் ஓராண்டு ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் மணி அடித்தது. 'நப்பின்னை அனுமதி கோருகிறார்.' நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. கன்னடம் கற்பதற்கான ஒரு செயலி. மறுப்பு என்பதை அழுத்தினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அனுமதித்துவிட்டால் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். மறுத்தால், ஏன் மறுத்தாய் என்று சண்டை போடவாவது அழைப்பாள் அல்லவா? 'எதற்கு?' என்று நான் கேட்க வேண்டும், 'இதற்கு' என்று அவள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முறை அதுதான். அதனால் ஒவ்வொன்றையும் மறுத்தேன். மறுத்துவிட்டுத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அழைக்கவில்லை. ஆனால் கேட்பதையும் நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. அவளிடம் வேறு கைபேசி இருக்கிறது, சம்பாதிக்கிறாள், வேண்டியதை அதில் எடுத்துக்கொள்ளலாம். இருந்தும் என்னிடம்தான் கேட்கிறாள். மறுக்க மறுக்கக் கேட்கிறாள். இதுவரை இருபத்து மூன்று முறை. தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்.

சமையல் நூல் ஒன்று. மெட்ரோ ரயில் நேரம் காட்டும் ஏதோ ஒன்று. அவள் அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகள். மறுத்துவிட்டு அதில் ஒரு பாட்டை நானே முணுமுணுத்தேன். இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்று கேட்டாள், தோட்டக்கலை. ஆம், தோட்டக்கலைதான், பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, படம் பார்த்தேன். வாரந்தோறும் ஒரு காய், ஒரு பழம் என்று வளர்ச்சி காட்டுகிறது. இந்த வாரம் எலுமிச்சை அளவு என்று போட்டிருந்தது. மாடித்தோட்டம் போடுகிறாள் போலும், நேரில் கேட்டால் விதையே அனுப்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு மறுத்தேன். மே மாதத்தில் தமிழ்ப் பெயர்கள் அடங்கிய ஒரு தொகுப்பு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அகர வரிசையில் ஐயாயிரம் பெயரை அடுக்கினால் ஆயிற்றா? பொருள் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டாமா? ஊக்கு ஊக்கு என்று அழுதவளுக்கு இப்போது தமிழ்ப் பெயர்மேல் என்ன அக்கறை? அப்படியே அக்கறை என்றாலும், என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இரவோடு இரவாக எழுதி அனுப்பியிருப்பேனே! மறுத்தேன். ஆகஸ்ட் கடைசியில் தாலாட்டுப் பாடல்கள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தூக்கம் குறைவு. இப்போதும் தூங்க முடியாமல் தவிக்கிறாள் என்று நினைத்து அன்று முழுவதும் எனக்கு மனம் சரியில்லை. ஆனாலும் மறுத்தேன். போன மாதம், கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய உருவங்கள். வட்டம், கோடு, ஒரு பூனை முகம். அவளுக்கு வரைவதில் விருப்பம் உண்டு என்று...

என்ன? எலுமிச்சை எந்த மாதம் என்றா? பிப்ரவரி என்றேனே. பிப்ரவரி ஒன்பது.

எதற்காக விரல் விட்டு எண்ணுகிறீர்கள்?

நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்.

இல்லை. சொல்ல வேண்டாம். சற்றுப் பொறுங்கள்.

பிப்ரவரி. மே. ஆகஸ்ட்.

ஆவணி மாதத்தில்தான் செம்பியன் அழைத்தான். "அம்மா, அக்காவுக்கு..." என்றான்.

நாற்பத்தேழு என்றா கூப்பிட்டார்கள்? என் எண்தான். இந்தப் பையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, குறிப்பேட்டை மூடாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.

*

வந்துவிட்டேன். உங்களுக்கு இன்னும் கூப்பிடவில்லையா? ஐம்பதுதான் ஓடுகிறதா? நல்லது. சற்று நகர்ந்துகொள்ளுங்கள், உட்கார வேண்டும்.

அங்கே இருப்பவர் ரெஜினா என்று ஓர் அம்மாள். என் பள்ளியில் இருந்திருந்தால் அலுவலகத்தையே அவரிடம் ஒப்படைத்திருப்பேன், அவ்வளவு நறுவிசு. நான் கோப்பைப் பிரித்து வைத்தேன். பிறப்புச் சான்றிதழ் 1994, பள்ளிச் சான்றிதழ் 1993, டேப்லெட்டில் 2012. மூன்றையும் பார்த்துவிட்டு, "ஒரே பொண்ணுக்கு மூணு பொறந்த வருஷமா? இத்தன நாளா கேக்கு மட்டும் யாருக்கு வெட்டுனீங்க?" என்றார். வேறு நாளாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

வயதைப் பத்தாக்க வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். வாயும் அதையே சொன்னது. "அம்மா, வயசக் கூட்டலாம், கொறைக்க முடியாது. எங்களால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது" என்றார். பிறகு, "எதுக்கும்மா கொறைக்கணும்?" என்று கேட்டார். அவள் விலகிவிடுவாள் என்றேன். "நாளையிலேருந்து இருக்கறதும் போறதும் அவங்க இஷ்டம். இதுவரைக்கும் போகணும்னு நெனச்சிருந்தாலும் போயிருக்க முடியாது. அந்தப் பட்டனே அவங்க பக்கம் வராது" என்றார்.

நான் சான்றிதழ்களை மறுபடி அடுக்கினேன். அவர் மறுபடியும் விளக்கினார். நான் காது கேளாதவள் என்று நினைத்துக்கொண்டார் போலும், சற்று உரக்கவே விளக்கினார். பின்னால் நின்ற இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படியானால் உண்மையான ஆண்டைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

ஆம், நான்தான் சொன்னேன். ஏன் வியக்கிறீர்கள்? நாளை விதிப்படி தானாகக் கிடைக்கப்போவதை இன்று நான் கொடுத்தால், கொடுத்தவள் அம்மா என்று அவளுக்குத் தெரியும் அல்லவா? ஒரு நாளாவது முந்திக்கொண்டேன் என்று இருக்கட்டுமே. "சரியா யோசிச்சுக்கங்க. மாத்துன உடனே அவங்களுக்கு மெசேஜ் போயிடும், 'குடும்பத் தலைவர் உங்கள் வயதைத் திருத்தியுள்ளார்'னு. இனிமே அவங்க எதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் கேக்க மாட்டாங்க. அழுத்தட்டுமா?" என்றார். யோசித்தது போதும், அழுத்துங்கள் என்றேன். தம்முடைய கணினியில் என் கடவுச்சொல்லைப் போடச் சொன்னார். போட்டேன். சான்றிதழைப் படம் எடுத்து எங்கோ அனுப்பினார். ஐந்து நிமிடம் பிடித்தது. அவ்வளவுதான் அம்மா. பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து நான் எங்கும் சரியாகக் கொடுக்காத அவள் வயது, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

இந்நேரம் அங்கே மணி அடித்திருக்கும். பகல் பன்னிரண்டு மணி. பிப்ரவரியில் அவள் வயிற்றில் எலுமிச்சை அளவாக இருந்த குழந்தை இப்போது தூங்குகிற நேரமாக இருக்குமோ? மூன்று மாதக் குழந்தை பகலில் தூங்குமா, விழித்திருக்குமா? எனக்கு மறந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார், நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன்.

ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. பெயர் வைத்திருப்பாள். எந்தப் பெயரை வைத்தாலும் இருக்கட்டும். கவிதா என்றாலும் சரி, சங்கீதா என்றாலும் சரி.

ஓர் உதவி செய்ய வேண்டும் நீங்கள். என் கண்ணாடி பையில் இருக்கிறது. இருந்தாலும் நான் பார்க்கமாட்டேன். இதைத் திறந்து, மேலே என் படம் இருக்கும், அதைத் தொட்டு, 'குடும்பம்' என்று இருப்பதை அழுத்துங்கள். இந்தப் பழைய திரை மெல்லத்தான் வரும், பொறுங்கள். எத்தனை பெயர் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். வாசிக்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும்.

வந்துவிட்டதா?

விரல் வைத்து எண்ணுங்கள்.

மூன்றா? என் பெயரையும் சேர்த்தா? திரையைக் கீழே தள்ளிப் பாருங்கள், சில நேரம் நான்காவது கீழே மறைந்திருக்கும். இல்லையா? மறுபடியும் எண்ணுங்கள்.

மூன்றுதான். நான், செம்பியன், அவர்.

இல்லை, தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. நான் அழவில்லை, பேருந்தில் தூசி. நீங்கள் நல்லவர், உங்கள் கைபேசி வேண்டாம்; அதுவும் உடைந்துதானே இருக்கிறது. இல்லை, அவள் எண் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? வாயால் பேசினால் என் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும் அம்மா. எண்ணூறு பிள்ளைகள் நடுங்கிய குரல். அந்தக் குரலில் இதைக் கேட்க முடியாது.

அடியில் ஏதோ ஒரு கட்டம் பச்சையாகத் தெரிகிறதே, இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லையே. படியுங்கள். 'உறுப்பினரை அழைக்க.' அழுத்துங்கள். ஆம், அழுத்துங்கள் என்கிறேன். பெயர் கேட்கிறதா? நப்பின்னை. 'ப்' உண்டு. மின்னஞ்சல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. உறவு? மகள். வயது? வயது கேட்கவில்லையா?

செய்தி எழுத இடம் இருக்கிறதா? என்ன எழுதுவது? 'அன்புள்ள' என்று... வேண்டாம், அவள் சிரிப்பாள். 'வா' என்று எழுதுங்கள். இல்லை, அழித்துவிடுங்கள். 'வரலாம்' என்று... அதுவும் வேண்டாம், நான் அனுமதி கொடுப்பது போல் இருக்கிறது. 'அம்மா வரட்டுமா?' என்று எழுதுங்கள். கேள்விக்குறி போடுங்கள். போட்டுவிட்டீர்களா? அனுப்புங்கள்.

போய்விட்டதா? என்ன காட்டுகிறது?

'பதிலுக்காகக் காத்திருக்கிறது.'

எத்தனை நாள் காத்திருக்கும்? அதில் கெடு ஏதும் போட்டிருக்கிறதா? அந்த ரெஜினா அம்மாளிடம் ஒருமுறை கேட்டுச் சொல்கிறீர்களா? உங்கள் எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள், அப்படியே கேளுங்கள். நான் இதைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.